காலேஜ் கேம்ப்பில் கொடுத்த ரத்தம் யாருக்குப் போனது? மீஞ்சூர் ரயில் பாதையிலிருந்து ஒரு விளக்கம்

கல்லூரி முடித்த பலருடைய ஃபைலில் அந்தத் தாள் இருக்கும். மதிப்பெண் பட்டியலுக்கும் டி.சி.க்கும் நடுவில், லேமினேட் கூடச் செய்யாமல். தன்னார்வமாக ரத்தம் கொடுத்ததற்கு நன்றி என்று அச்சடித்து, பெயரையும் ரத்த வகையையும் பேனாவில் நிரப்பிக் கொடுத்த சான்றிதழ். அதோடு ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு ஜூஸ், கையில் ஒட்டிய பஞ்சு. அவ்வளவுதான் நினைவு.

அந்த 350 மி.லி. ரத்தம் அப்புறம் என்ன ஆச்சு? யாருக்கு ஏற்றினார்கள்? அவர் பிழைத்தாரா? கொடுத்தவருக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்பதுதான் விதி.

உலக ரத்த தானம் செய்வோர் நாள் ஜூன் 14. ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னரின் பிறந்த நாள் அது. 2004-ல் தொடங்கிய இந்த நாளுக்கு 2024-ல் 20 வயதானபோது, உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட கருப்பொருள் ரொம்ப எளிமையானது: ரத்தம் கொடுத்தவர்களுக்கு நன்றி. சுவரொட்டியில் சொல்வது ஈஸி. நிஜத்தில் அந்த நன்றியை யார், யாரிடம், எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

மீஞ்சூருக்கு ஏன் இந்தக் கேள்வி?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் காலை நேரத்தில் ஏறிப் பார்த்தால் இரண்டு கூட்டம் தெரியும். ஒன்று, பை மாட்டிய கூட்டம். மீஞ்சூரிலும் நந்தியம்பாக்கத்திலும் ஏறி, பொன்னேரியில் இருக்கும் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரிக்கும், கவரைப்பேட்டை பக்கம் உள்ள பொறியியல் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகள். இன்னொன்று, கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கவிட்ட கூட்டம். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று பிரிந்து போகிறவர்கள்.

முதல் கூட்டம்தான் சில வருடங்களில் இரண்டாவது கூட்டமாக மாறுகிறது. இந்தக் கட்டுரைக்கு இந்த மாற்றம் முக்கியம், பிறகு அதற்கு வருவோம்.

கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் பகுதி இது. வண்டலூரில் தொடங்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை முடிவதும் மீஞ்சூரில்தான். சாலை விபத்து, பிரஸ் மெஷினில் சிக்கிய கை, பிரசவத்தில் நிற்காத ரத்தப்போக்கு என்று பெரிய சிகிச்சை தேவைப்படும்போது ஆம்புலன்ஸ் போவது பெரும்பாலும் தெற்கே, வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு. தொழிற்சாலை விபத்தில் சிதைந்த கைகளைச் சரிசெய்வதில் நாடு முழுக்கப் பெயர் வாங்கிய கை அறுவை சிகிச்சைத் துறை அங்கேதான் இருக்கிறது.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பணத்துக்கு வழி பண்ணியாச்சு. ஆனால் ரத்தத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க முடியாது. அதை ஒரு மனிதர், அதுவும் முன்கூட்டியே, கொடுத்து வைத்திருக்க வேண்டும். அடிபட்டவர் வந்த பிறகு தேடிப் பிடிக்கிற ரத்தத்தைப் பரிசோதித்து ஏற்ற மணிக்கணக்கு ஆகும். முதல் ஒரு மணி நேரத்தில் உயிரைக் காப்பாற்றுவது ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இருக்கிற ரத்தம்தான்.

பை போகிற வழி

கல்லூரி முகாம் என்றால் பொதுவாக மூன்று அமைப்புகளில் ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். நாட்டு நலப்பணித் திட்டம் எனும் என்.எஸ்.எஸ்., யூத் ரெட் கிராஸ், ரெட் ரிப்பன் கிளப். இதில் என்.எஸ்.எஸ். மூத்தது. காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இன்று மரம் நடுவதிலிருந்து வெள்ள நிவாரணம் வரை எல்லாவற்றுக்கும் அழைக்கப்படுவது இவர்கள்தான்.

முகாம் அன்று காலையில் ரத்த மையத்தின் வண்டி வரும். 'ரத்த வங்கி' என்ற பழைய பெயரை 2020-ல் விதிகளைத் திருத்தியபோது 'ரத்த மையம்' என்று மாற்றிவிட்டார்கள். பேச்சில் இன்னும் பிளட் பேங்க்தான்.

முதலில் படிவம். பிறகு எடை, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு குத்து. வயது 18-லிருந்து 65-க்குள், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். 350 மி.லி. எடுப்பது வழக்கம். 55 கிலோவுக்கு மேல் இருப்பவர்களிடம் 450 மி.லி. வரை எடுக்கலாம். உடம்பில் சுமார் 5 லிட்டர் ஓடுகிறது. எடுத்ததில் நீர்ப் பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்கள் முழுதாக நிரம்பத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

பையில் கொடுத்தவரின் பெயர் இருக்காது, எண் மட்டும். கூடவே எடுக்கும் சின்னக் குழாய்களிலும் அதே எண். அந்தக் குழாய்கள் பரிசோதனைக்குப் போகும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தும் கட்டாயம். இன்னொரு பக்கம், பிரிக்கும் வசதியுள்ள மையமாக இருந்தால், பையைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். இங்கேதான் ஒரு மாணவரின் ரத்தம் மூன்று பேருக்குப் போகத் தொடங்குகிறது.

சிவப்பணுக்கள் ஃப்ரிட்ஜில் 35 நாள், கூடுதல் திரவம் சேர்த்தால் 42 நாள் தாங்கும். விபத்து, அறுவை சிகிச்சை, பிரசவம் எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது இது. பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம் இருக்கும். தீக்காயம், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்குப் போகும். பிளேட்லெட்தான் கஷ்டமான கேஸ். அதை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். ஐந்தே நாள்தான் ஆயுள். திங்கட்கிழமை முகாமில் கொடுத்தது சனிக்கிழமைக்குள் ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வீண். மழைக்காலத்தில் டெங்கு வார்டு நிரம்பும்போது ஓடுகிற ஓட்டமும், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவர்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஓட்டமும் இந்த ஐந்து நாளைச் சுற்றித்தான்.

தலசீமியா உள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். வருடத்துக்கு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அறிமுகமில்லாத ஆட்கள் சேர்ந்துதான் அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். அதில் ஒருத்தர் பொன்னேரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறவராக இருக்கலாம். அவருக்கு அது தெரியவே போவதில்லை.

நன்றியைத் தடுக்கும் விதி

கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது ரகசியம். காரணம் இருக்கிறது. பெயர் தெரிந்தால் நன்றியோடு கடனும் வரும். 'உன் ரத்தம்தான் என் பிள்ளைக்கு' என்பதில் தொடங்கி, சாதி கேட்பது, பணம் கேட்பது வரை எதுவும் நடக்கலாம். ஆள் தெரியாததால்தான் இந்தத் தானம் சுத்தமாக இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டிட்மஸ் 1970-ல் வெளியிட்ட 'தி கிஃப்ட் ரிலேஷன்ஷிப்' நூலில் வாதிட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்: முகம் தெரியாதவருக்குக் காசு வாங்காமல் கொடுக்கும் ரத்தம், விலைக்கு வாங்கும் ரத்தத்தைவிடப் பாதுகாப்பானது, சமூகத்துக்கும் நல்லது. காசு தேவைப்படுகிறவர் தன் நோயை மறைக்க ஒரு காரணம் இருக்கிறது. சும்மா கொடுக்கிறவருக்கு அது இல்லை.

இந்தியா இதைப் பட்டுத்தான் கற்றது. காசுக்கு ரத்தம் விற்கிற ஆட்கள் மருத்துவமனை வாசல்களில் நின்ற காலம் ஒன்று இருந்தது. 'காமன் காஸ்' அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தேசிய ரத்த மாற்று கவுன்சில் உருவானதும் அந்தத் தீர்ப்பால்தான். 1998 ஜனவரி 1 முதல் ரத்தம் விற்பதும் வாங்குவதும் தடை. அந்தக் காலி இடத்தை நிரப்பியவர்களில் பெரும் பங்கு கல்லூரி மாணவர்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது: நடிகர்களின் ரசிகர்கள். ரசிகர் மன்றத்தை நற்பணி இயக்கமாக மாற்றிய கமல்ஹாசனைத் தொடர்ந்து, பிறந்த நாள் என்றால் பேனரோடு ரத்த தானமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் பெயரைச் சொல்லாமலே நன்றி சொல்ல வழி இருக்கிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ரத்தம் கொடுத்தால் முதலில் ஒரு நன்றி எஸ்.எம்.எஸ். வரும். பிறகு, அந்தப் பை ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட அன்று இன்னொன்று வரும். யாருக்கு என்று இருக்காது. பயன்பட்டது என்று மட்டும். இங்கிலாந்திலும் ரத்தம் எந்த மருத்துவமனைக்குப் போனது என்று கொடுத்தவருக்குத் தகவல் போகிறது. செலவு என்று பார்த்தால் ஒரு குறுஞ்செய்தியின் செலவு. பைக்கு எண் இருக்கிறது, கொடுத்தவரின் மொபைல் எண்ணும் படிவத்தில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் புக் பண்ணினால் நாலு மெசேஜ் வரும் நாட்டில் இது பெரிய தொழில்நுட்பம் இல்லை.

வராமல் போன ஒரு அழைப்பு

கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிடுவது வெறும் மரியாதை மட்டும் இல்லை. அது பாதுகாப்பும்கூட. இதைத் தமிழ்நாடு 2018-ல் மிக மோசமான விதத்தில் பார்த்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர், உறவினருக்காக சிவகாசி அரசு மருத்துவமனையில் கொடுத்தது அது. 2016-லேயே அவர் ஒரு முறை ரத்தம் கொடுத்திருந்தார், அப்போதே தொற்று தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. இரண்டாவது முறை கொடுத்ததைப் பரிசோதனையும் பிடிக்கவில்லை.

பிறகு வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில் விஷயம் தெரிந்ததும், ஓடிப்போய் ரத்த வங்கியில் சொன்னவர் அந்த இளைஞரேதான். அதனால்தான் அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சையை உடனே தொடங்க முடிந்தது. பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் உறுதியானது. அதைப் பார்க்க அந்த இளைஞர் இல்லை. குற்ற உணர்வில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

தப்பு செய்தவர் அவர் இல்லை. 2016-ல் ஒரு போன் போயிருக்க வேண்டும், போகவில்லை. பரிசோதனையில் எதுவும் தெரிய வந்தால் கொடுத்தவரை ரகசியமாக அழைத்து, ஆலோசனை சொல்லி, சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதனால்தான் படிவத்தில் 'முடிவைத் தெரிவிக்கலாமா' என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று குறிப்பதும், எப்போதும் கையில் இருக்கும் எண்ணைக் கொடுப்பதும் முக்கியம். கல்லூரி முடிந்ததும் தூக்கிப் போடுகிற சிம் நம்பர் இதற்கு உதவாது.

தொற்று உடலில் நுழைந்து பரிசோதனையில் தெரிய வரும் வரை ஒரு இடைவெளி உண்டு. அந்த நாட்களில் இயந்திரம் 'இல்லை' என்றே சொல்லலாம். அப்போது காவலாக இருப்பது கொடுப்பவர் படிவத்தில் எழுதும் உண்மை மட்டும்தான். நண்பர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்காக ஒருவர் பொய் எழுதும்படி ஆகக் கூடாது. அட்டெண்டன்ஸுக்காகவும் இன்டர்னல் மார்க்குக்காகவும் மாணவர்களை வரிசையில் நிறுத்தும் வழக்கம் எங்கே இருந்தாலும், அது ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான்.

மே மாதத்துப் பிரச்சினை

கல்லூரிகளை நம்பியிருப்பதில் ஒரு பலவீனம் உண்டு. ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை. முகாம்கள் நின்றுவிடும். விபத்தும் பிரசவமும் லீவு எடுப்பதில்லை. ஒவ்வொரு கோடையிலும் ரத்தத் தட்டுப்பாடு என்ற செய்தி வருவது இதனால்தான். மறுபக்கம், ஒரு தலைவரின் பிறந்த நாளில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுத்தால், அத்தனை சிவப்பணுவுக்கும் ஒரே காலாவதி தேதி. ஒரே நாளில் 500 பேர் கொடுப்பதைவிட, அதே 500 பேர் மாதத்துக்குக் கொஞ்சம் பேராகப் பிரித்துக் கொடுத்தால் மருத்துவமனைக்கு அது பல மடங்கு உபயோகம். போட்டோவுக்கு நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

இப்போது ரயிலின் இரண்டாவது கூட்டத்துக்கு வருவோம். கல்லூரியில் மூன்று முறை ரத்தம் கொடுத்தவர் சிப்காட்டிலோ துறைமுகத்திலோ வேலைக்குச் சேர்ந்ததும் ஏன் நின்றுபோகிறார்? அக்கறை போய்விட்டது என்று சொல்வது சுலபம். விதியைப் பார்த்தால் வேறு கதை. தேசிய ரத்த மாற்று கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலின்படி, போதிய தூக்கமில்லாத நைட் ஷிஃப்ட் தொழிலாளி ரத்தம் கொடுக்கக் கூடாது. தொலைதூர வண்டி ஓட்டுகிறவர்களும், உடலை வருத்தும் வேலை செய்கிறவர்களும் கொடுத்த பிறகு 24 மணி நேரம் வேலைக்குப் போகக் கூடாது. சரியான விதி. தலைசுற்றலோடு கிரேன் ஏற முடியாது. ஆனால் அந்த 24 மணி நேரத்தை யார் கொடுப்பது?

மத்திய அரசு ஊழியர் என்றால் ரத்தம் கொடுத்த நாளுக்கு சிறப்பு தற்செயல் விடுப்பு உண்டு, வருடத்துக்கு நான்கு முறை வரை. கான்ட்ராக்டில் இருக்கும் கும்மிடிப்பூண்டி தொழிலாளிக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு நாள் கூலி போகும். ஆக, தானம் என்பது அவருக்கு 350 மி.லி. ரத்தம் மட்டுமில்லை, ஒரு நாள் சம்பளமும் சேர்த்து. நிறுவனங்கள் வளாகத்துக்குள் முகாம் வைத்து, அன்றைக்கும் மறுநாளைக்கும் சம்பளத்தோடு ஓய்வு கொடுத்தால் வரிசை தானாக நீளும். சமூகப் பொறுப்பு நிதியில் வைக்கிற பேனர் செலவைவிட அது ரொம்ப அதிகமாக இருக்கப் போவதில்லை.

வரிசையில் நின்று திரும்பியவர்கள்

முகாமில் ஒரு காட்சி வழக்கமானது. ஆர்வமாக வந்த மாணவிகளில் பலர் விரல் குத்தியதோடு திரும்பி அனுப்பப்படுவார்கள். ஹீமோகுளோபின் குறைவு. தேசிய குடும்பநல ஆய்வு 5-ன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கொடுக்க வந்த இடத்தில் தனக்கே குறைவு என்று தெரிந்துகொள்கிறார்கள். பல முகாம்களில் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு சீட்டில் அளவை எழுதிக் கொடுத்து, இரும்புச்சத்து மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி சொன்னால், அந்தக் குத்து வீண் போகாது. மூன்று நான்கு மாதம் கழித்து அவர்களே வரிசைக்குத் திரும்பலாம்.

பச்சை குத்தியவர்கள் 12 மாதம், மலேரியா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் காத்திருந்தால் போதும். திருநர்களும் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களும் நிலைமை வேறு. 2017 வழிகாட்டுதல் அவர்களை நிரந்தரமாக விலக்கியது. அதை எதிர்த்து 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. ஒரு மனிதரின் அடையாளத்தைப் பார்த்து விலக்குவதா, நடத்தையின் ஆபத்தைப் பார்த்து விலக்குவதா என்பதுதான் அங்கே கேள்வி. இங்கிலாந்து உட்படப் பல நாடுகள் இரண்டாவது முறைக்கு மாறிவிட்டன.

'பதிலுக்கு ரெண்டு யூனிட் கொடுங்க'

உறவினரைச் சேர்த்த மருத்துவமனையில் இதைக் கேட்காதவர் குறைவு. ஏற்றிய ரத்தத்துக்குப் பதில் ரத்தம். பதற்றத்தில் இருக்கும் குடும்பம் வாட்ஸ்அப்பில் அவசரம் என்று போடும், அது ஆறு மாதம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். ஊரில் நாலு பேரைத் தெரிந்தவருக்கு ஆள் கிடைக்கும். ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்து சிப்காட்டில் வேலை பார்க்கிறவருக்கு யார் வருவார்கள்? நாடு 2002-ல் வகுத்த ரத்தக் கொள்கை இந்தப் பதிலீட்டு முறையை ஒழித்து, முழுக்கத் தன்னார்வத் தானத்துக்கு மாறச் சொல்கிறது. இலங்கை 2014-லேயே அதை எட்டிவிட்டது. அங்கே வீட்டில் ஒருவர் இறந்த நாளையோ பிறந்த நாளையோ நினைவுகூர முகாம் நடத்துவது சாதாரணம், யாழ்ப்பாணத்திலும்தான். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு நாளில் கொழும்பில் ரத்தம் கொடுக்க மக்கள் நீள வரிசையில் நின்றார்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தத்துக்கு விலை கிடையாது. பரிசோதனை, பை, சேமிப்புக்கான கட்டணம் மட்டும் வாங்கலாம். சிவப்பணு யூனிட் ஒன்றுக்குத் தனியாரில் அதிகபட்சம் 1,550 ரூபாய், அரசு மையத்தில் 1,100 ரூபாய் என்பது தேசிய கவுன்சில் 2022-ல் திருத்திய வரம்பு. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் நோயாளிகளிடம் அதையும் வாங்கக் கூடாது. 2024 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மறுபடி நினைவூட்ட வேண்டியிருந்தது. ஏன் நினைவூட்ட வேண்டி வந்தது என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

திரும்பக் கொடுக்க நினைத்தால்

முகாமுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ரத்த மையத்துக்கும் நேராகப் போகலாம். மத்திய அரசின் 'இ-ரக்த்கோஷ்' தளத்தில் அருகிலுள்ள மையங்களையும் கையிருப்பையும் பார்க்கலாம். போகும் முன் நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, முந்தைய இரவு தூங்கியிருக்க வேண்டும். விரதம் இருக்கிற நாள் வேண்டாம். ஷிஃப்ட் வேலை என்றால் வார விடுமுறைக்கு முந்தைய நாள் சரியாக வரும்.

தேசிய தன்னார்வ ரத்த தான நாள் அக்டோபர் 1. சண்டிகர் பி.ஜி.ஐ.யில் பணியாற்றி, ரத்த விற்பனைக்கு எதிராகக் குரல் கொடுத்த மருத்துவர் ஜெய் கோபால் ஜாலியின் பிறந்த நாள் அது, 1975 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைக்குக் கல்லூரியில் கொடுக்கும் ஆண்கள் 90 நாள் கழித்து, அதாவது டிசம்பர் 30-ல் மறுபடி கொடுக்கலாம். பெண்களுக்கு இடைவெளி 120 நாள். அவர்களுக்கு அது ஜனவரி 29.